செருப்புக்கொடி நாடு

தம்பி கப்பலுக்குப் போனது ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்தே வானம் மழை வரும்போலப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. கடைசிவரை ஒரு துளி விழவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி. மாடிப்படி இறங்க முடியாது. அதனால் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே, தெரு முழுக்கக் கேட்கும்படி, குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே, கண்டவனோடு சீட்டாடாதே, யார் என்ன சொன்னாலும் வாயை மூடிக்கொண்டிரு என்று வரிசையாகத் திட்டி அவனை வழியனுப்பினாள். பேருந்து நிலையம்வரை அக்கா மட்டும் கூட வந்தாள்.

அவன் பையின் ஜிப் வழியிலேயே வாயைப் பிளந்துவிட்டது. அக்கா தன் கைக்குட்டையை இரண்டாகக் கிழித்து முடிச்சுப் போட்டுக் கட்டினாள். கட்டி முடித்ததும் செய்ய வேறு வேலை இல்லை. அழுதுவிடுவோமோ என்று இருவருக்கும் பயம். தம்பிதான் தப்பிக்க வழி கண்டுபிடித்தான்.

“அக்கா, ஃபோனை எடு. ஒரு வேலை பாக்கி இருக்கு.”

“பஸ் கிளம்பப் போகுதுடா.”

“டிரைவர் இன்னும் டீயே வாங்கல. நீ எடு.”

எடுத்தாள். திரையில் அவர்கள் ஆடும் ராஜ்ய விளையாட்டு திறந்ததும் ஒரு ஓலைச்சுருள் விரிந்தது. ‘செருப்புக்கொடி நாடு உங்கள் குடையின் கீழ்ச் சிற்றரசாக வர விரும்புகிறது. ஏற்கிறீர்களா?’

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏண்டா, இத்தனை நாள் கப்பம் கட்டவே மூக்கால அழுதே. இப்ப என்ன திடீர்னு கால்ல விழுறே?”

“கப்பம் வேற, இது வேற. கப்பம் கட்டுறவன் நெல்லை வீசிட்டு அவன் பாட்டுக்கு இருப்பான். அவனை யாராவது அடிச்சா நீ போகலாம், போகாமலும் இருக்கலாம். சிற்றரசு அப்படி இல்ல. நீ சண்டைக்குப் போனா நான் பின்னாலேயே வரணும். உன்னைக் கேக்காம யாரோடயும் ஒப்பந்தம் பேசக்கூடாது. ஆனா என்னை எவனாவது தொட்டா நீ வந்தே ஆகணும். கடல்ல நெட்டு வருமோ வராதோ. நான் பார்க்காத நேரமாப் பார்த்து உங்க பட்டறை பாலிஷ் அண்ணன் என் தீவைச் சுருட்டிட்டுப் போயிடுவார்.”

“நான் வராட்டி?”

“வருவே,” என்றான், டீக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டு.

அக்கா ‘ஏற்கிறேன்’ என்பதைத் தொட்டாள். முரசு ஒன்று கொட்டியது. பக்கத்தில் நின்ற பெரியவர் தன் ஃபோன்தான் அடிக்கிறதென்று சட்டைப்பையைத் தடவினார். அந்தச் சிரிப்பிலேயே தம்பி பேருந்தில் ஏறிவிட்டான்.

அக்காவுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தெருவில் அவள் பெயர் பல்லக்கா. பல் செட் செய்யும் பட்டறையில் வேலை. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் பிரித்து, மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நட்டு வைப்பது அவள் பொறுப்பு. மெழுகுக்குப் பதில் இளஞ்சிவப்புப் பொருளை ஊற்றி ஈறாக்கி, ராவி, பளபளவென்று துடைத்து எடுப்பது பாலிஷ் அண்ணனின் பொறுப்பு. அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் அவளைப் பல்லக்கா என்றே கூப்பிடுவார். “இந்த வயசுல எனக்கு ஒரு அக்கா கிடைச்சிருக்கு, விடுவேனா?” என்பார்.

தம்பி அவளைவிட ரொம்பவும் சிறியவன். அப்பா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்ததில் பாதி அம்மா, பாதி அக்கா. கல்யாணப் பேச்சு இரண்டொரு முறை வாசல்வரை வந்து திரும்பிப் போனது. அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. மாடியில் இரண்டு அறை, கீழே தெரு, நடந்து போகும் தூரத்தில் பட்டறை. இதற்குள் அவள் வாழ்க்கை கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

விளையாட்டை அவள் ஃபோனில் ஏற்றியவன் தம்பிதான். பழைய கால ராஜ்யங்கள். யானை, நெல், பாய்மரக் கப்பல், கோட்டை. ஒரு நாளைக்கு ஒரு நகர்வுதான். நண்பகல் ஆனதும் எல்லோருடைய நகர்வும் ஒன்றாக நடந்து வரைபடம் மாறும். பட்டறைக்கு அது தோதாக அமைந்தது. சாப்பாட்டுக்கு முன் அச்சுகளில் பிளாஸ்டரை ஊற்றிவிட்டால் அது இறுகும்வரை யாருக்கும் கையில் வேலை இல்லை. பாலிஷ் அண்ணன், பல் செட்டுகளை ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுக்கும் பெண், பல்லக்கா, மூவரும் ஆளுக்கொரு மூலையில் ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். ஓனர் மட்டும் விளையாடமாட்டார். “எனக்கு வீட்டிலேயே ஒரு சாம்ராஜ்யம் இருக்கு. அங்க நான் கப்பம் கட்டுறேன், போதும்,” என்பார்.

தம்பி அவளுக்குப் பக்கத்தில் ஒரு தீவைப் பிடித்திருந்தான். கொடிக்கு என்ன படம் என்று விளையாட்டு கேட்டபோது புலி, மீன், வில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, தானே விரலால் ஒரு நீல ரப்பர் செருப்பை வரைந்தான். அம்மா அவன்மேல் வீசுகிற அதே செருப்பு. வார் அறுந்திருப்பதைக்கூட விடவில்லை.

கப்பலில் அவனுக்குச் சமையலறை எடுபிடி வேலை. நடுக்கடலில் நெட் கிடைத்தது, ஆனால் சொட்டுச் சொட்டாக. வீடியோ, அரட்டை எல்லாவற்றையும் கப்பல்காரர்கள் அடைத்து வைத்திருந்தார்கள். இந்த விளையாட்டை அடைக்க யாருக்கும் தோன்றவில்லை. சிற்றரசன் திறை அனுப்பும்போது கூடவே ஒரு சிறு செய்தி எழுதலாம். பேரரசரும் பதில் எழுதலாம். அரசர்கள் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்ளட்டும் என்று விளையாட்டைச் செய்தவர்கள் விட்டுவைத்த இடம் அது. தம்பிக்கு அதுவே தபால்பெட்டி ஆயிற்று.

‘மகாராணிக்கு வணக்கம். திறையாக ஐம்பது மூட்டை நெல் அனுப்பியுள்ளேன். இன்று ஒரு மலை உருளைக்கிழங்கை உரித்தேன். பெரிய மகாராணியின் முட்டிக்குக் கோபம் தணிந்ததா? தணியாவிட்டால் என் சார்பில் அதற்கு ஒரு செருப்படி கொடுக்கவும்.’

மாலையில் பாத்திரம் கழுவி முடிந்ததும் அம்மா கட்டிலில் காலை நீட்டி முட்டிக்கு எண்ணெய் தேய்த்தபடி, “படி,” என்பாள். அக்கா படிப்பாள். “கழுதை. வாயைப் பாரு,” என்பாள் அம்மா. பிறகு, “இன்னொரு தடவை படி.”

அக்கா ஒருநாளும் பதில் எழுதத் தவறியதில்லை. தீவில் பஞ்சம் வந்தபோது கப்பல் கப்பலாக நெல் அனுப்பினாள். பாலிஷ் அண்ணன் ஒருமுறை விளையாட்டாகத் தீவின் கரையில் படையை இறக்கினார். அக்கா தன் யானைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய் அவரைக் கடலுக்குள் தள்ளினாள். ஒவ்வொரு சிற்றரசுக்கும் விசுவாசம் என்று ஒரு பச்சைக் கோடு உண்டு. திறை நேரத்துக்கு வந்தால் அது வளரும். பேரரசர் உதவிக்கு ஓடினால் இன்னும் வளரும். சிற்றரசனுக்குப் பலம் ஏறி, இவன் யார் என்னை ஆள்வதற்கு என்ற எண்ணம் வந்தால் சுருங்கும். செருப்புக்கொடி நாட்டின் கோடு நிரம்பி, மேலே போக இடமில்லாமல் நின்றது.

அப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அந்த ஆட்டம் முடியப்போகும் வாரம் வந்தது.

முடிவில் யார் கொடிக்குக் கீழ் அதிக நிலமோ அவர்தான் சக்கரவர்த்தி. முந்தைய ஆட்டங்கள் எல்லாவற்றிலும் பட்டறையில் பாலிஷ் அண்ணனே ஜெயித்திருந்தார். இந்த முறை பல்லக்கா அவர் குதிகாலை மிதித்துக்கொண்டிருந்தாள். இரண்டே மாகாணம் குறைந்தது.

“பல்லக்காவோட ராஜ்யம் பல் செட்டு மாதிரி,” என்றார் பாலிஷ் அண்ணன், வாய் நிறையச் சோற்றோடு. “பார்க்க ஜம்முனு இருக்கும். கடிக்கத்தான் முடியாது.”

ஸ்கூட்டர் பெண் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் சிரித்துப் புரையேறினாள். பல்லக்காவும் சிரித்தாள். சிரித்தாளே தவிர அது உள்ளே போய்த் தைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசு வாங்கியதில்லை; பட்டறையில் அவள் செய்த பல்லைப் போட்டுச் சிரிக்கிறவர்கள் டாக்டருக்குத்தான் நன்றி சொல்வார்கள். எதிலாவது ஒருமுறை முதலில் வந்து பார்க்கவேண்டும் என்று தனக்கு இத்தனை ஆசை இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

“உன் தம்பி தீவு மட்டும் உன் கணக்குல இருந்தா நான் காலி,” என்று அவரே சொன்னார். “குடைக்குக் கீழ இருக்கிற நிலம் கணக்குல வராதே. உன் கொடிக்குக் கீழ வரணும்.”

“அது எப்படி வரும்?”

“இணைச்சுக்கணும். சிற்றரசு பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கு பாரு. விசுவாசம் நிரம்பினாத்தான் எரியும். முறைக்கிறவனை ஒண்ணும் பண்ண முடியாது, படையெடுத்துத்தான் பிடிக்கணும். சிரிச்சிக்கிட்டே இருக்கிறவனை அப்படியே முழுங்கிடலாம். எப்படி வெச்சிருக்கானுங்க பாரு.” கையை உதறிவிட்டு எழுந்தார். “நீ செய்யமாட்டே. அதான் நான் தைரியமா சொல்றேன்.”

அவர் கை கழுவப் போனார். அச்சுகளில் பிளாஸ்டர் இறுகிக்கொண்டிருந்தது. இறுகும்போது அது சூடாகும். கையில் எடுத்தால் உயிருள்ள எதையோ பிடித்திருப்பதுபோல் இருக்கும். அவள் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஃபோனை எடுத்தாள். பொத்தான் எரிந்துகொண்டிருந்தது. தொட்டாள்.

‘இணைத்தால் இந்த அரசரின் இருக்கை மூடப்படும். இதைத் திரும்பப் பெற இயலாது. தொடரவா?’

படிக்காமல் அமுக்கிவிட்டேன் என்று பின்னால் அவள் தனக்கே சொல்லிப் பார்த்தாள். அது பொய். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். இன்றைக்கே அமுக்க வேண்டிய அவசியமும் இல்லை. முடிவுக்கு இன்னும் நாள் இருந்தது. பதில் எழுதும் கட்டம் அங்கேயே திறந்து கிடந்தது. ‘டேய், உன் தீவை எடுத்துக்கவா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் கொடுத்துவிடுவான். கொடுத்தால் அது தம்பி போட்ட பிச்சை ஆகிவிடும், ஜெயித்தது ஆகாது. அப்படித்தான் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. ஆட்டம் எப்படியும் முடியத்தானே போகிறது, அடுத்த ஆட்டத்தில் முதல் நாளே வந்து சேர்ந்துகொள்வான் என்றும் ஒரு சமாதானம் வைத்திருந்தாள்.

தொட்டாள். திரையில் அவள் கட்டைவிரல் ரேகை பிளாஸ்டர் தூளில் வெள்ளையாகப் பதிந்தது. நண்பகல் முரசு கொட்டியபோது தீவில் நீலச் செருப்பு இல்லை.

கை கழுவிவிட்டு வந்த பாலிஷ் அண்ணன் தன் ஃபோனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“நிஜமாவே அமுக்கிட்டியா?”

“விளையாட்டுத்தானேண்ணே.”

“ஆமா, ஆமா. விளையாட்டுத்தான்,” என்றார். ஜெயிப்பவருக்கு ஒரு கிரீடம் செய்து தருவதாக முன்பே பந்தயம் பேசியிருந்தார். ஆட்டம் முடிந்து அவள் சக்கரவர்த்தி ஆனதும், வாக்கு மாறாமல் செய்தும் கொடுத்தார். பல் செட்டுக்கு ஊற்றும் அதே இளஞ்சிவப்புப் பொருளில், ஈறு நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிரீடம். எப்போதும்போல் கண்ணாடி மாதிரித் துடைத்திருந்தார். ஸ்கூட்டர் பெண் கைதட்டினாள். அவர் தட்டவில்லை, எந்திரத்தைப் போட்டுவிட்டு அடுத்த பல் செட்டை எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஆட்டம் தொடங்கியது. செருப்புக்கொடி வரவில்லை. சேர்வது எப்படி என்று அவள் அப்போதுதான் தேடிப் படித்தாள். இருக்கை மூடப்பட்டவர் மறுபடி முதலிலிருந்து பதிவு செய்யவேண்டும். பதிவுக்கு ஃபோன் எண்ணுக்கு ஒரு ரகசிய எண் வரும். அதைப் போட்டால்தான் கதவு திறக்கும். நடுக்கடலில் கப்பலின் நெட் மட்டும்தான் இருந்தது. ஃபோனுக்கு சிக்னல் கிடையாது. கரை தட்டும்வரை அந்த எண் அவனுக்கு வரவே வராது.

அவன் பக்கத்துத் திரையில் என்ன தெரிந்திருக்கும் என்பதையும் தேடிக் கண்டுபிடித்தாள். ‘உங்கள் நாடு பேரரசோடு இணைக்கப்பட்டது. உங்கள் விசுவாசத்துக்கு நன்றி.’ இவ்வளவுதான். அவள் பெயர்கூட இருக்காது.

தீவை இணைத்த அன்று மாலையே அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, “படி,” என்றாள்.

அக்கா செய்தி இல்லாத திரையை முகத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு படித்தாள். “மகாராணிக்கு வணக்கம். நலமாக இருக்கிறேன். இங்கே கடல் அமைதியாக இருக்கிறது. அம்மாவின் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாம்மா. வேலை ஜாஸ்தி போல.”

ஒருநாள் சமாளித்துவிடலாம் என்று தொடங்கியது தினசரி வேலை ஆயிற்று. மதியம் பல் நடும்போதே மாலைக்கு என்ன எழுதியிருப்பான் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். இன்று மீன் பிடித்தோம். இன்று காற்று அதிகம். இன்று கப்பல் தலைவர் பாராட்டினார். நாக்குக் கூசாமல் பச்சைப் பொய்யைப் படித்துவிட்டு, “இன்னொரு தடவை படி,” என்று அம்மா சொல்லிவிடக்கூடாதே என்று காத்திருப்பாள். அம்மா ஒருநாளும் சொல்லவில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்திருக்கவேண்டும்.

மாதங்கள் கழித்துக் கப்பல் எங்கோ ஒரு துறைமுகத்தில் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி கூப்பிட்டான். அம்மாவுக்குக் காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசவேண்டும். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா துணியோடு துணியாக நின்றுவிட்டாள்.

“சாப்பிட்டியாடா? இளைச்சுட்டியா? அங்க தலைமுடி வெட்ட ஆள் இருக்காங்களா?” என்று அம்மா பொழிந்து தள்ளினாள். கடைசியாக, “நீ தினமும் எழுதுறதை அக்கா படிச்சுக் காட்டுறா. அதுல பாதி வலி போயிடுதுடா,” என்றாள்.

அந்தப் பக்கம் ஏதோ பாரம்தூக்கி கிறீச்சிட்டது. அக்கா கையிலிருந்த தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“ஆமாம்மா,” என்றான் தம்பி. “தினமும் எழுதிடுவேன். அதை விடுவேனா?”

அம்மா ஃபோனை நீட்டினாள். அக்கா வாங்கினாள். ஸ்பீக்கரை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

“நல்லா இருக்கீங்களா?” என்றான்.

பிறந்ததிலிருந்து அவளை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். கோபம் வந்தால் ‘வாடி, போடி’. கேலி என்றால் ‘மகாராணி’. இப்போது, முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்பவனைப்போல, நல்லா இருக்கீங்களா.

“நல்லா இருக்கேன். டேய், அந்த தீவு…”

“சரிங்க. அம்மாவுக்கு மருந்து மட்டும் நேரத்துக்குக் கொடுத்துடுங்க. ஃபோன் கார்டுல காசு முடியப்போகுது. வச்சிடறேன்.”

வைத்துவிட்டான். அக்கா ஃபோனை அம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டுத் துணிக்குத் திரும்பினாள்.

“உக்காரு,” என்றாள் அம்மா.

“துணி கிடக்கும்மா.”

“கிடக்கட்டும். ஏண்டி, அவன் என்னைக் கிண்டல் பண்ணாம ஒருநாள் இருந்திருக்கானா? முட்டியைத் திட்டாம, செருப்பைச் சொல்லாம ஒரு வார்த்தை வருமா அவன் வாயில? நீ படிச்சதெல்லாம் ஏதோ பேங்க்குலேர்ந்து வந்த மாதிரி இருந்துச்சு. நலமா இருக்கிறேன், கடல் அமைதியா இருக்கிறது. ஏதோ சண்டை, சொல்ல வெக்கப்படுறே, தானா சொல்லுவேன்னு விட்டுட்டேன். இன்னைக்கு அவனும் உனக்கு ஒத்து ஊதுறான். என்னதான் நடந்துச்சு?”

அக்கா சொன்னாள். அம்மாவுக்கு ராஜ்யமும் தெரியாது, திறையும் தெரியாது; ஆதியோடந்தமாகச் சொல்லவேண்டியிருந்தது. குடை என்றால் என்ன, கொடி என்றால் என்ன, ஏன் அவன் கீழே வந்து நின்றான், பச்சைக் கோடு எப்படி நிரம்பியது. சொல்லச் சொல்ல, பட்டறையில் விளையாட்டுத்தானே என்று தோன்றியதெல்லாம் அம்மா காதில் எப்படி விழுகிறது என்று அவளுக்கே கேட்டது. என்னை நம்பி என்னிடம் வந்தான். நம்பிக்கை முழுசாக நிரம்பியதும் முழுங்கிவிட்டேன்.

முடிவில் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அவனைக் கேட்டியா?”

“இல்லம்மா.”

“கேட்டிருந்தா கொடுத்திருப்பானேடி.”

அதற்குப் பதில் அடித்திருக்கலாம். நீலச் செருப்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

“ஜெயிச்சதுக்கு என்ன கொடுத்தாங்க?” என்றாள் அம்மா. அக்கா கைப்பையின் அடியிலிருந்து கிரீடத்தை எடுத்துக் கொடுத்தாள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். பிறகு அதைக் கட்டிலோரத்து முக்காலியில் வைத்து அதற்குள் எண்ணெய்ப் புட்டியை நிறுத்தினாள். “உருளாம நிக்கும்,” என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அக்கா அம்மாவின் முட்டிக்கு எண்ணெய் எடுத்தது அந்தக் கிரீடத்திலிருந்துதான்.

சில நாள் கழித்து பாலிஷ் அண்ணன், ராவிக்கொண்டிருந்த பல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், “பல்லக்கா, வரைபடத்துல வடக்கு மூலையில ஒரு செருப்பு பறக்குது,” என்றார்.

அவள் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். துறைமுகத்தில் ரகசிய எண் வந்திருக்கவேண்டும், பதிவு செய்துகொண்டுவிட்டான். ஆனால் யார் பக்கத்திலும் இல்லை. மலையும் பனியுமாக, யாரும் சீந்தாத மூலையில் தனியாக நின்றது கொடி. இந்த முறை அறுந்த வாரைத் தைத்து வரைந்திருந்தான்.

அவள் விளையாட்டைத் தொட்டே பல மாதம் ஆகியிருந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கிடைக்கும் ஒற்றைக் கிராமத்தோடு சேர்ந்தாள். சுற்றிலும் எல்லோரும் கோட்டை கட்டி யானை வாங்கிக்கொண்டிருக்க, அவள் முதல் அறுவடை நெல்லை அப்படியே வடக்கு மூலைக்கு அனுப்பினாள். கப்பம் கட்ட யாருடைய சம்மதமும் தேவையில்லை. வேண்டாம் என்பவனுக்கும் கட்டலாம். கப்பத்தோடும் செய்தி எழுத ஒரு கட்டம் இருந்தது; அதில் ‘மன்னிச்சிடு’ என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்தபோது, கால் மிதிபட்டவரிடம் பேருந்தில் சொல்வதுபோல் இருந்தது. அழித்துவிட்டு, ‘அம்மாவுக்கு முட்டி இன்று பரவாயில்லை’ என்று எழுதி அனுப்பினாள்.

பதில் இல்லை. மறுநாளும் அனுப்பினாள். ‘முட்டி வலி அதிகம். மழை. உன்னைத் திட்டினாள்.’ அதற்கடுத்த நாளும். அவனைப்போல் கேலியாக எழுதவேண்டும் என்று பார்த்தாள், வரவில்லை. இருப்பதை இருப்பதுபோல் எழுதினாள். சிற்றரசாகச் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு விண்ணப்பமும் அனுப்பினாள். சிற்றரசுக்கு மட்டும் இரண்டு பக்கமும் சம்மதிக்கவேண்டும். விண்ணப்பம் அப்படியே கிடந்தது. பாலிஷ் அண்ணனின் படை அவள் எல்லைப் பக்கமாக வரும்போதெல்லாம் அவளுடைய கிராமத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

தம்பி கப்பல் ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் இன்னொன்றில் கையெழுத்துப் போட்டான். சம்பளம் நல்லா இருக்கும்மா என்றான் துறைமுகத்திலிருந்து. அம்மா ஸ்பீக்கரைப் பார்த்துத் தலையாட்டினாள். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிறகு ஒரு நண்பகல், முரசு கொட்டியபோது, அவள் கிராமத்துக்கு மேலே ஒரு குடை விரிந்திருந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டிருந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை.

பச்சைக் கோடு வளரத் தொடங்கியது. திறை தவறவில்லை, செய்தி தவறவில்லை. வளராமல் என்ன செய்யும்? அது நிரம்ப நிரம்ப அவள் அதை அடிக்கடி திறந்து பார்த்தாள். நிரம்பிவிட்டால் அவன் பக்கத்தில் பொத்தான் எரியும். அவன் ஒரு விரல் வைத்தால் அவளுடைய இருக்கை மூடும், செய்தியும் நின்றுபோகும். கோட்டைச் சுருக்க வழி தெரியும்: ஒருநாள் திறையை நிறுத்தினால் போதும். நிறுத்தவில்லை. கோடு நிரம்பி நின்றது. அதன் பிறகு ஒவ்வொரு நண்பகலும், பிளாஸ்டர் சூடாகி இறுகும் அந்த நேரத்தில், தன் கிராமம் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். இப்படி ஒரு பயம் அவனுக்கு ஒருநாளாவது இருந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தாள். இருந்திருக்காது. அக்காவிடம் என்ன பயம் என்று, உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டு, நிம்மதியாக இருந்திருப்பான். அதை நினைக்கும்போதெல்லாம் பட்டறையில் யாரும் பார்க்காவிட்டாலும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செய்தி வந்தது ரொம்ப நாள் கழித்து, மற்ற நாள்களைப் போலவே இருந்த ஒரு நாளில். ஓலைச்சுருள் விரிந்தது. ஸ்கூட்டர் பெண் எட்டிப் பார்க்க வந்தாள். பாலிஷ் அண்ணன் அவளை, “அந்தப் பல்லை எடுத்துட்டுப் போம்மா, கிளினிக்ல காத்திருக்காங்க,” என்று விரட்டினார்.

‘பொத்தான் ரெண்டு மாசமா எரியுது. தினமும் அமுக்கணும்னு தோணுது. கையை அதுமேல கொண்டுபோய் வைக்கிறேன். இன்னும் அமுக்கல. நாளைக்கு என்னன்னு தெரியாது. நீ நெல் அனுப்பு. பெரிய மகாராணி முட்டி எப்படி?’